எலும்போடவா, தனிக்கறியா?

மார்ச் 4, புதன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். அவருடைய முட்டிக்கு மட்டும் எங்கள் மேல் கோபம் தீரவில்லை. மாடிப்படியைப் பார்த்தாலே முறைக்கிறது.

உன் சைவ பாரின் இரண்டாம் ஆண்டு விழா அட்டை தபாலில் வந்தது. பச்சை அட்டை, இலைப் படம், 'பேட்டையில் உங்கள் இரண்டாவது வீடு' என்று எழுத்து. கடையில் ஆணியடித்து மாட்டிவிட்டேன். கறி வாங்க வந்தவர்கள் எல்லாம் படித்துவிட்டு, "தம்பி கடையில சிக்கன் கூட கிடையாதா?" என்று கேட்கிறார்கள். "முட்டை கூடக் கிடையாது, போய்ச் சேருங்க" என்று அனுப்பிவைக்கிறேன்.

இரண்டு வருடத்தில் இப்போதாவது அக்கா ஞாபகம் வந்ததே, சந்தோஷம். செவ்வாய்க்கிழமைதான் எனக்குக் கடை லீவு. பதினேழாம் தேதி வருகிறேன். எனக்கு உன் மதுவும் வேண்டாம், உன் காளானும் வேண்டாம். உன் கடையில், உன் ஆட்கள் முன்னால், "இது எங்க அக்கா" என்று நீ ஒரு தடவை சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறிவிடுவேன்.

போனில் சொன்னால் "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் அக்கா


மார்ச் 9, திங்கள்

செல்ல அக்காவுக்கு,

உன் கடிதம் படித்துத் தனியாகச் சிரித்தேன். மாமாவின் முட்டியை விசாரித்ததாகச் சொல்.

ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்த அட்டையை நான் அனுப்பவில்லை. பழைய முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் இங்கே வேலை செய்யும் பெண் அனுப்பியிருக்கிறாள். ஆனாலும் வா. தாராளமாக வா. ஐந்து மணிக்கு வந்தால் கூட்டம் இருக்காது, பேசலாம்.

இங்கே எல்லாம் நிதானம். தாழ்வான சோபாக்கள், ஜன்னல் முழுக்கத் தொட்டிச் செடி, ஓரமாகச் சதுரங்கப் பலகை. வருபவர்கள் பெரும்பாலும் இந்தத் தெருக்காரர்கள்தான். நடந்து வந்து, ஒரு கிளாஸ் குடித்து, நடந்தே வீட்டுக்குப் போவார்கள். எல்லோரும் ரொம்ப மென்மையானவர்கள். எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்கிற கூட்டம்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். கறிக்கடைப் பேச்சு மட்டும் இங்கே வேண்டாம். யாராவது என்ன தொழில் என்று கேட்டால் சும்மா சிரித்துவிடு. உனக்குப் புரியும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 19, வியாழன்

தம்பிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். நேற்றே எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் இடம் அழகாக இருக்கிறது. வெள்ளரிக்காயும் புதினாவும் போட்டு ஜின்னில் நீ கலக்கிக் கொடுத்தது தொண்டைக்கு இதமாக இருந்தது. உன் மாமாவிடம் எலுமிச்சைச் சாறு என்று சொல்லியிருக்கிறேன். பலாக்காயில் விலா செய்து, எலும்புக்குப் பதிலாகக் கரும்புக் குச்சி செருகி வைத்திருந்தாயே, அதற்கும் குறை சொல்ல மாட்டேன். மசாலா நம் கடை மசாலா. அப்பா இடித்தது, அப்புறம் நான் இடித்தது. ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது. 'மறக்கவில்லையே பிள்ளை' என்று மனசு குளிர்ந்துபோனது.

அப்புறம்தான் உணவுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். உன் படம். கீழே: 'தோட்டக்காரரின் மகன். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக் கத்தி காய்கறியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.' இரண்டு முறை படித்தேன். நம் வீட்டில் இருந்த ஒரே செடி, தண்ணீர் ஊற்றாமல் நீ சாகடித்த கற்றாழை.

சரி, வியாபாரம் என்றால் நாலு பொய் இருக்கும். எலும்பைச் சேர்த்து நிறுக்காத கசாப்புக்காரர் உண்டா? போகட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நீ சோபா சோபாவாகப் போய் எல்லோரோடும் பேசினாய். என் மூலைக்கு மட்டும் வரவில்லை. வருவான், வருவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆறு மணிக்குத் திடீரென்று கூட்டம் ஏறியது. பரிமாறும் பெண் அன்றைக்கு லீவு. நீ ஒற்றை ஆளாக நின்று அந்த எவர்சில்வர் குடுவையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிக்கொண்டிருந்தாய். சமையல் ஜன்னலில் தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன. பத்துப் பேர் வரிசையில் நின்றால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது, அது உனக்குத் தெரியும். எழுந்து வந்து கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். தட்டை எடுத்தேன், கொடுத்தேன். நாலு பேர், அஞ்சு பேர், எல்லாம் சரியாகத்தான் போனது. கை வேகம் பிடித்ததும் வாய் தானாகக் கிளம்பிவிட்டது.

"அடுத்து யாரு? எலும்போடவா, தனிக்கறியா?"

முப்பது வருடமாக ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்கிற வாய். நான் என்ன செய்ய?

முன்னால் நின்ற ஆள் சிரித்தார். பின்னால் நின்றவர் சிரிக்கவில்லை. "நீங்க கறிக்கடையிலயா இருக்கீங்க?" என்று கேட்டார். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இதோ, இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். வேறு வழியே இல்லையே, இப்போதாவது சொல்வான்.

நீ குடுவையைக் கீழே வைத்தாய். "தெரிஞ்சவங்க ஒருத்தங்க. பாவம், கொஞ்சம் மனசு சரியில்ல. மருந்து தப்பிப்போனா இப்படித்தான் ஏதாச்சும் பேசுவாங்க" என்றாய். குரல் ஒரு இழை கூடப் பிசகவில்லை. என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாய்.

ஒரு அம்மாள் வந்து என் கையைத் தடவிக் கொடுத்தார். "பயப்படாதீங்க, இங்க யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுததைப் பார்த்து, நீ சொன்னது நிஜம்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது, எனக்குப் பதினைந்து. காலையில் அப்பாவோடு கடையில் நின்றுவிட்டு உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவேன். போகும் முன் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். உன் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கக் கூடாதே என்று. அப்போதே உனக்காக என்னை ஒளித்தவள்தான் நான். ஆனால் பைத்தியம் என்று சொல்வாய் என்று எதிர்பார்க்கவில்லை.

வயிறு எரிகிறது தம்பி. பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 2, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்றே தெரியாமல் நாள் தள்ளிப்போனது. அந்த ஒரு நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? என்னைத் தவிர வேறு யார் உன்னைப் புரிந்துகொள்வார்கள், உன்னைத் தவிர வேறு யார் என்னை மன்னிப்பார்கள்?

ஒரு விதத்தில் அது நல்லதாகவே முடிந்தது. வாடிக்கையாளர்கள் எல்லோரும் உன்னை அன்பாக விசாரிக்கிறார்கள். 'இப்படிப்பட்டவர்களையும் உள்ளே விட்டுப் பார்த்துக்கொள்கிறாரே' என்று என் மேல் மதிப்புக் கூடியிருக்கிறது.

இப்போது ஒரு அவசரம். பத்திரிகையில் எழுதும் ஒரு பெண் என்னைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதுகிறார். நீ வந்த அன்று அவர் இல்லை. நான் பிறந்த இடத்தைப் பார்த்தே தீருவேன் என்கிறார். தோட்டத்தை விற்றாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பத்துப் பதினைந்து தேதிக்குள் அந்தப் பக்கம் வருவார். உன் கடைப் பலகையில் அப்பா படம் இருக்கிறதே, அது அப்படியே என் முகம். இரண்டு வாரத்துக்கு மட்டும் அதை இறக்கி வைத்துவிடு அக்கா. இந்தக் கட்டுரை வந்தால் இன்னொரு கிளை திறக்கலாம். வராமல் போனாலோ, தப்பாக வந்தாலோ, இருப்பதும் போய்விடும்.

உன்னை நம்பி,
தம்பி


ஏப்ரல் 16, வியாழன்

தம்பிக்கு,

அந்தப் பெண் கடை லீவு நாளான செவ்வாய்க்கிழமை வராமல் நேற்று, கடை நேரத்தில் வந்தாள். நல்ல பெண். ஈரத் தரையில் செருப்பு வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தாள்.

உன் விழா அட்டையைப் போன மாதமே கழற்றிவிட்டேன். அப்பா படத்தை நான் இறக்கவில்லை. அப்பா செய்த தப்பு என்ன, அவர் எதற்கு இறங்க வேண்டும்? உன் மாமா, "பையன் பொழப்பு, இறக்கிடும்மா" என்று ஏணியைக் கூடக் கொண்டுவந்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவர் ஏறியிருந்தால் அது வேறு செலவு. ஏணியைத் திருப்பி அனுப்பினேன்.

அந்தப் பெண் படத்தை அண்ணாந்து பார்த்தாள். போனில் உன் படத்தை எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஜாடை இருக்கேம்மா. இவர் உங்க அப்பாவா?"

"ஆமா, எங்க அப்பா."

"அப்ப இது உங்க தம்பியா?"

கையில் கத்தி இருந்தது. ஆட்டுத் தொடை பாதியில் நின்றது. என் வாயில் இருந்த ஒரு சொல்லில் உன் கடை இருக்கிறது என்று தெரியும். ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தானே நான். அவள் ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தம்பி கெடையாது" என்றேன்.

"நல்லா பாருங்கம்மா. கண்ணு, மூக்கு எல்லாம் அப்படியே இருக்கு."

"ஊர்ல ஆயிரம் பேருக்கு ஜாடை இருக்கும். நான் ஒத்தப் பொண்ணு. கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல."

முதல் தடவை நாக்குக் கூசியது. இரண்டாம் தடவை கூசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ராத்திரி சாப்பாட்டில் உன் மாமா, "ஒரு பேச்சுக்குத்தானே சொன்ன?" என்று கேட்டார்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. நிம்மதியாக இரு.


மே 5, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா என்றால் நீதான் அக்கா! கட்டுரை வந்துவிட்டது, இரண்டு முழுப் பக்கம். ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். 'வேரை மறக்காத மனிதர்' என்று தலைப்பே போட்டிருக்கிறார்கள். நீ எவ்வளவு அழகாகச் சமாளித்திருக்கிறாய்! அந்தப் பெண்ணுக்குத் துளிச் சந்தேகம் இல்லை. உன் கடிதத்தில் கொஞ்சம் சூடு தெரிந்தது, உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? மனசில் வைத்துக்கொள்ள மாட்டாய்.

புதுக் கிளைக்கு ஜூனில் திறப்பு விழா. அன்றைக்குக் கூட்டம் அதிகம், உனக்குச் சிரமம். பிறகு ஒரு நாள் தனியாக வா, நிம்மதியாகப் பேசலாம். அதற்குள் ஒரு உதவி. அந்த மசாலா எனக்கு இரண்டு கடைக்கும் சேர்த்து வேண்டும். அளவை எழுதி அனுப்புகிறாயா? மல்லிக்கும் மிளகுக்கும் கணக்கு எப்போதும் எனக்குத் தப்பிப்போகிறது.

என்றும் உன்,
தம்பி


மே 11, திங்கள்

ஐயா,

வணக்கம். ஐந்தாம் தேதியிட்டுத் தாங்கள் எழுதிய கடிதம் எங்கள் கடை முகவரிக்கு வந்திருக்கிறது. 'அன்புள்ள அக்காவுக்கு' என்று இருக்கிறது. இங்கே அப்படி யாரும் இல்லை.

யாருக்கு என்று கவனிக்காமல் பிரித்துவிட்டேன், மன்னிக்கவும். கடிதத்தையும் கட்டுரையையும் அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கறிக்கடை உரிமையாளர்