பாட்டுக் கேசட்டில் இன்னாசிராஜ் முகம்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
14-10-86

அன்பு மகன் பிலோமின்ராஜுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், நீ போடும் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இருந்தால்தானே. அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. தில்லை நகரில் புதிதாக வந்திருக்கும் டாக்டர் மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், அந்த டாக்டரைப் பார்க்கவே மாடி ஏறித்தான் போக வேண்டியிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது, பின்பக்கத்து ஓட்டை மாற்றிவிட்டோம், வீட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

நீ படம் பிடித்து அனுப்பிய பாட்டு வீடியோ கேசட் கிடைத்தது. அதைப் போட்டுப் பார்க்க நம்மிடம் டெக் ஏது, அடுத்த வீட்டு ஷேக் தாவூது பாய் சவூதியிலிருந்து கொண்டுவந்தாரே, அங்கே போய்ப் பார்த்தோம். தெருவே கூடிவிட்டது, பாய் வீட்டம்மாவுக்கு டீ போட்டு மாளவில்லை. முதல் பாட்டு முடிந்ததும் அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து நடுவில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார், அதிலேயே அவர் சந்தோஷம் தெரிந்துவிட்டது. நாடு கெட்டுப்போய்விட்டது என்று வரும் அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் நான் தனியாகப் போய் மறுபடி பார்த்தேன். பாயை நிறுத்தி நிறுத்திப் போடச் சொன்னேன். அம்மாவுக்கு வீடியோவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதே, இத்தனை வருஷம் சேசுவின் பாடுகளை நடிக்கும் நம் கோயில் பாஸ்கா நாடகத்துக்கு உடுப்புத் தைத்து, யார் எங்கே நின்றால் கடைசி வரிசைக்குத் தெரியும் என்று சொல்லிக் கொடுத்தவள் நான்.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துச் சாரம் மேலே மேலே ஏறிக்கொண்டு போகிறது, தவில் ஒரு தட்டுத் தட்டியதும் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படியில் ஒரு கிழவர் தண்ணீர் தேடி மணலுக்கு இறங்குகிறார். ஒரு வார்த்தை இல்லாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டாய், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மதில் மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகளைக் காட்டிவிட்டு உடனே காலிக் குடங்களின் வரிசையைக் காட்டினாயே, அதுவும் சபாஷ். பாட்டு போகப் போகக் கலரெல்லாம் வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது, முதலில் டிவிதான் ரிப்பேர் என்று பாய் அதன் தலையில் தட்டினார், நான்தான் இது என் மகன் வேண்டுமென்றே செய்தது, தட்டாதீர்கள் என்றேன். இதெல்லாம் எனக்குப் பெருமைதான் ராஜா, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பாட்டில் பணக்காரன் வரும் இடத்திலெல்லாம் கார்க் கதவும் பளபளக்கும் செருப்பும்தான் வருகின்றன, முகமே இல்லை. ஏழைக்கு மட்டும் முகம் திரை முழுக்க வருகிறது. பணக்காரன் முகத்தைக் காட்டினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று பயமா? நாடு கெட்டுத்தான் கிடக்கிறது, அதைக் காட்டாதே என்று நான் சொல்லவில்லை. காலேஜ் சீட்டை விலை பேசுகிறவனும், எலெக்ஷனுக்கு எலெக்ஷன் தெருவில் சாராயத்தை ஓட விடுகிறவனும் உன் பாட்டில் எங்கே? கெடுத்தவனை விட்டுவிட்டுக் கெட்டு நிற்கிறவனை மட்டும் காட்டியிருக்கிறாய். அதுவும் மேலே இருந்து கீழே பார்த்து எடுத்திருக்கிறாய், அப்படி எடுத்தால் யாராக இருந்தாலும் பூச்சி மாதிரிதான் தெரிவான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்த இன்னாசிராஜ் வருஷா வருஷம் பாஸ்காவில் யூதாஸ் வேஷம் கட்டுவதும், யூதாஸ் கட்டினவர் ஈஸ்டர் மணி அடிக்கும்வரை அதே கிழிந்த அங்கியோடு, முகத்தில் கரியோடு, கோயிலுக்குள் கால் வைக்காமல் வெளிச்சுவர் ஓரமாக உட்கார்ந்து தவம் இருப்பதும் நம் பங்கில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாதா? இந்த ஈஸ்டருக்கு லீவில் வந்தவன், சனிக்கிழமை பட்டினியில் கண் சொருகிச் சுவரில் சாய்ந்திருந்த அந்த மனுஷனைப் படம் எடுத்துக்கொண்டு போய், அடுத்த துண்டாக ஒரு உடைந்த சாராய பாட்டிலை ஒட்டியிருக்கிறாய். இரண்டும் சேர்ந்தால் பார்க்கிறவனுக்கு என்ன அர்த்தமாகும் என்று உனக்குத் தெரிந்துதான் ஒட்டினாய். சாராய வாடை அடித்தாலே தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற மனுஷன் அவர். அந்தக் கிழிசலும் குடித்துச் சீரழிந்த கிழிசல் இல்லை, நான் கத்தரி வைத்துக் கிழித்தது.

இதில் கெட்டது யார் வாழ்க்கை என்று கேள். அவர் மகள் பேட்ரிசியாவுக்கு முசிறியில் இடம் கூடிவந்தது, வாழைத்தார் வியாபாரம் செய்கிற அற்புதசாமி வீடு, பையன் பேங்கில் வேலை. நிச்சயம் முடிந்து கோயிலில் கலியாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்க நாளும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து அற்புதசாமி மெட்ராசிலிருந்து வீடியோ கோச்சில் வந்திருக்கிறார், பஸ்ஸில் உன் கேசட்டைப் போட்டிருக்கிறான். சம்பந்தி முகத்தை அவர் பார்த்தார், கூட வந்த ஊர்க்காரர்களும் பார்த்தார்கள். மறுநாளே பங்குச்சாமியாரிடம் வந்து ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்.

இன்னாசிராஜ் என்னிடம் சண்டைக்கு வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். வாசலில் நின்றுகொண்டு, "தம்பி மேல கோவப்படாதீங்க டீச்சர், அது வேலைக்காக எடுத்திருக்கு. நம்ம ஊர் வழக்கம் வெளியூர்க்காரங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அடுத்த வருஷம் யூதாஸுக்கு வேறு ஆள் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே முசிறி பஸ் ஏறினேன். அற்புதசாமியைக் கையோடு கூட்டிவந்து பாய் வீட்டில் உட்கார வைத்து, அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பெட்டியிலிருந்து அதே அங்கியை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். மனுஷர் ரொம்ப நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நான் நம்புறேங்க டீச்சர், ஆனா பஸ்ல பாத்தவங்க வாயை நான் எப்படி மூடுறது? எடுத்தவரே வந்து சபையில சொல்லட்டும், மறுநாளே ஜவுளி எடுக்கப் போறேன்" என்றார். நியாயம்தானே. நீ வருவாய் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன், கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு பெரிய பூசையில் முதல் ஓலை. முசிறிக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். பெயர்களைப் படித்துவிட்டு, இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பாரே, அப்போது நீ எழுந்திரு. சாமியாரிடம் சொல்லி வைத்துவிட்டேன், முதலில் தலையைச் சொறிந்தார், பிறகு சரி என்றார். கலை, டைரக்ஷன் என்றெல்லாம் இழுக்காதே. இவர் குடிகாரர் இல்லை, எங்கள் ஊர் யூதாஸ், தவத்தில் இருந்தவரை நான்தான் குடிகாரர் மாதிரி காட்டினேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல், போதும். அதற்கு முன் அங்கே முதலாளியிடம் பேசி இனிப் போடும் கேசட்டில் அந்தத் துண்டை வெட்டிவிட்டு வா. மாட்டேன் என்றால் எனக்கு எழுது, அப்பாவை அனுப்புகிறேன், முழங்கால் வலியோடு அவர் பேசுவதைக் கேட்கிற தைரியம் எந்த முதலாளிக்கும் கிடையாது.

ஒன்றை எழுத வேண்டாம் என்று இருந்தேன், மனசு கேட்கவில்லை. பேட்ரிசியா அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. பாட்டுக் குழுவுக்கு வராமல் இருக்கிறாளே என்று பார்க்கப் போனேன். "அண்ணனுக்கு எங்கப்பாவை அடையாளம் தெரியலையா டீச்சர்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னால் பொய், தெரிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்வியை உனக்கென்று அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீ வருவாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என் பிள்ளை எனக்குத் தெரியும். சேசுவும் மாதாவும் உன்னை வழிநடத்தட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தமும் உனக்கு. ரயிலில் கண்டதையும் வாங்கித் தின்னாதே. பூசைக்கு வரும்போது பின்னால் தூண் மறைவில் நிற்காதே, முதல் வரிசையில் இன்னாசிராஜுக்குப் பக்கத்தில் வந்து உட்கார். படம் எடுக்கிறவன் முகம் ஒருநாளும் படத்தில் வருவதில்லை, அன்றைக்கு உன் முகத்தை எல்லோரும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
லூர்துராணி