இரண்டு மா-ஒனலென்னா

மகலாப்யே
4 பிப்ரவரி 1993

ராபுலா,

இங்கே நலம். உன் நலத்தை நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க அங்கே ஆள் இருக்கிறாள்.

நேற்று நீதிமன்றத்திலிருந்து தாள் வந்தது. என் மகள் ஒனலென்னாவுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை மாதம் அறுபது புலா நீ கட்ட வேண்டுமாம். வழக்குப் போட்டது நானில்லை, என் அண்ணன் லெசோலே. "தாய்மாமன் நான் இருக்கேன், அவன் எப்படித் தப்பிக்கிறான்னு பார்ப்போம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

ஏழு வருஷம் உன் காசில்லாமல்தான் வளர்ந்தாள். காசு வந்தால் பின்னாலேயே நீ வருவாய். உன் பின்னாலேயே உன் பெண்டாட்டி பொனோலோ வருவாள். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, அவளைப் பங்கு போட மாட்டேன். நீயும் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிடு.

கெனெய்ல்வே


லொபாட்சே
15 பிப்ரவரி 1993

அன்புள்ள மா-ஒனலென்னாவுக்கு,

சொல்ல மாட்டேன். நான் கொடுத்தனுப்பியதையெல்லாம் இத்தனை வருஷம் திருப்பி அனுப்பினாய். இப்போதுதான் நான் அவளுக்கு அப்பன் என்று முத்திரை குத்திய தாள் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. இறைச்சி ஆலையில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் காட்டிவிட்டேன்.

பேருந்து ஓட்டுகிற மொடிசே அவளை முன்சீட்டில் உட்கார வைத்துச் சுற்றுகிறானாமே. வயிறு எரிகிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். அவனை அவள் என்னவென்று கூப்பிடுகிறாள்? அதை மட்டும் எழுது.

ராபுலா


மகலாப்யே
12 மார்ச் 1993

ராபுலா,

மொடிசேயை அவள் மொடிசே என்றுதான் கூப்பிடுகிறாள். போதுமா? இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

பணம் வேண்டாம் என்று சொல்லத்தான் நீதிமன்றத்துக்குப் போனேன். "பணம் உனக்கில்லம்மா, பிள்ளைக்கு. வேணாம்னு சொல்ல நீ யாரு?" என்றார் குமாஸ்தா. பிறகு நீங்கள் பணம் கட்டிய சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "கட்டினதும் மா-ஒனலென்னா, வாங்குறதும் மா-ஒனலென்னாவா? ஒரு கையால குடுத்து இன்னொரு கையால வாங்குறியா?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

லொபாட்சேயில் பணம் கட்டியவள் உன் பெண்டாட்டி. கையெழுத்துப் போட்டது என் பேரில்! இரண்டு நாள் வலித்து அவளைப் பெற்றதற்காக, ஒனலென்னாவின் அம்மா என்று ஊர் எனக்குக் கொடுத்த பேர் அது. உன்னை எடுத்துக்கொண்டாள், நான் வாய் திறக்கவில்லை. என் பிள்ளையின் பேரை எடுத்துத் தன் பேரோடு சேர்த்துக்கொள்ள அவள் யார்?

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். பணம் அங்கேயே கிடக்கட்டும்.

கெனெய்ல்வே


லொபாட்சே
29 மார்ச் 1993

கெனெய்ல்வே,

உன்னை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இப்படி எழுதுகிறேன்.

அன்று எனக்குப் பகல் வேலை, அதனால் பணம் கட்டப் பொனோலோ போனாள். கல்யாணமானபோது புருஷனின் மூத்த பிள்ளை பேரைச் சேர்த்து அக்கம்பக்கத்தார் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தனக்கென்று ஒன்று பிறந்ததும் மாறிவிடும் என்று விட்டுவிட்டோம். ஐந்து வருஷம் ஆயிற்று. இனி பிறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பேரையும் விடச் சொன்னால் அவளை ஒரு தாயாக யாரும் கூப்பிட வேறு பேர் இருக்காது. நான் சொல்ல மாட்டேன். நீ வேண்டுமானால் சொல்லிக்கொள்.

பள்ளிச் சீருடை ஒன்று ரயிலில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், அவள் தைத்தது. கோபத்தில் அடுப்பில் போட்டுவிடாதே.

ராபுலா


மகலாப்யே
18 ஏப்ரல் 1993

ஒனலென்னாவின் அப்பன் ரா-ஒனலென்னாவுக்கு,

அடுப்பில் போடத்தான் எடுத்தேன். அதற்குள் ஒனலென்னா மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். தோள், இடுப்பு, அக்குள் எல்லாம் அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் தைத்தது ஒன்றுகூட முதல் தடவையில் இப்படி உட்கார்ந்ததில்லை.

"யாருடி உன்னை அளந்தது?" என்று கேட்டேன்.

"ஜனவரியில ஸ்கூல் வேலிகிட்ட ஒரு அத்தை வந்தாங்கம்மா. கயிறு போட்டு அளந்தாங்க. பொரிச்ச மாவுருண்டை குடுத்தாங்க. போறப்ப அழுதாங்க."

உனக்கு இது தெரியுமா? தெரிந்திருக்காது. தாள் வரும் முன்பே, யாரும் கட்டளை போடாமலே, பொனோலோ அத்தனை தூரம் ரயிலேறி வந்திருக்கிறாள். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. பொறாமைதான், வேறு பேர் சொல்லி மறைக்க மாட்டேன்.

நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிவிட்டேன். லெசோலேயிடம் சொல்லாதே, தலைகால் புரியாமல் ஆடுவான்.

சீருடையின் கீழ்விளிம்பைப் பிரித்து இரண்டு விரல் இறக்கினேன். ஜனவரிக்குப் பிறகு அவ்வளவு வளர்ந்திருக்கிறாள். அது பொனோலோவுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

இந்த உறைக்குள் ஒரு கயிறு இருக்கிறது. முதல் முடிச்சு தோள், இரண்டாவது இடுப்பு, மூன்றாவது உயரம். பொனோலோவிடம் கொடு. குளிருக்குக் கம்பளிச் சட்டை ஒன்று வேண்டும். இனி வேலியோரம் வந்து நிற்க வேண்டாம் என்று சொல். அளவு வேண்டுமென்றால் என்னிடம் கேட்கட்டும், நான் அளந்து அனுப்புவேன்.

இப்படிக்கு,
மா-ஒனலென்னா
(பெற்றவள்)