முன்சுவர் இல்லாத அறை

மார்ச் 4, செவ்வாய்

டெய்லரம்மா கடைப் பெட்டியை இன்று முடித்துவிட்டேன். செருப்புப் பெட்டிக்குள் முழுசாக ஒரு தையல் கடை. மெஷின் சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான். துணி உருளைக்கு ஐஸ் குச்சித் துண்டில் சுற்றிய ரிப்பன். ஆளுயரக் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள். நிஜத்தில் ஓர் அடி என்றால் பெட்டியில் ஓர் அங்குலம், ஓரிடத்திலும் பிசகவில்லை. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள் செய்தது என்றால் யாரும் நம்புவதில்லை. அதனால் கேட்காதவர்களிடமும் நானே சொல்லிவிடுகிறேன்.

டெய்லரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். "அக்கா, என் கடை என்னைக்கு இவ்வளவு சுத்தமா இருந்துச்சு?" என்றாள். அதுவும் பாராட்டுதான்.

மேஸ்திரியும் பார்வையிட்டது. பூனைக்குட்டிக்கு அந்தப் பெயரை வைத்தது இவர்தான், என் வீட்டுக்காரர். நான் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். திருப்தி இல்லையென்றால் இடித்துத் தள்ளிவிடும். இன்று ஒரு துணி உருளையைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது.

மேசையில் இடம் போதவில்லை. இரண்டு டிரங்குப் பெட்டி மேல் பழைய கதவு ஒன்றைப் படுக்கப் போட்டிருக்கிறேன், அதுதான் என் மேசை. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். அப்படியும் போதவில்லை.

மார்ச் 6, வியாழன்

மகள் போன் செய்தாள். வயிற்றுப்பிள்ளை தங்கவேண்டுமென்றால் பிரசவம் வரை படுத்தே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது. மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அதனால் பேத்தி பட்டாணி இங்கே வந்து எங்களோடு இருக்கட்டும் என்று பேச்சு. பள்ளிக்கூடமும் இங்கேயே.

மகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. பட்டாணியை நினைத்தால் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டும் ஒரே போனில்.

கூடத்தை ஒட்டிய சின்ன அறையைக் காலி செய்தேன். கல்யாணம் ஆகும்வரை மகளுடைய அறை. அதற்கப்புறம் என் அட்டைகளும் பசை டப்பாக்களும்தான் அங்கே குடித்தனம் நடத்தின. அறை வாசலில் தொங்கும் திரையைத் துவைத்துப் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

பட்டாணி வரமாட்டாளாம். அத்தை வீட்டுக்குத்தான் போவாளாம்.

மார்ச் 8, சனி

அத்தை என்றால் மாப்பிள்ளையின் அக்கா. நல்ல மனுஷிதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்தம்மாளும் அவள் வீட்டுக்காரரும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை வேலைக்காரியோடு உட்கார்ந்திருக்கவேண்டும். பிள்ளை அங்கே தனியாக இருக்கிறாளே என்று மகள் படுத்தபடி கவலைப்பட்டால் அது ஓய்வா?

ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அழ அழக் கூட்டி வந்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன். "அழவச்சு அனுப்பினா நான் நிம்மதியா படுக்க முடியுமாம்மா?" என்றாள் மகள்.

அத்தை வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது, என் வீட்டில் இல்லாதது?

இவரைத்தான் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஏசி இருக்கு" என்றார்.

"வாயை மூடுங்க."

"மூடிட்டேன். ஃபிரிட்ஜும் பெருசு."

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சின்ன அறையை அப்படியே பெட்டியில் செய்து காட்டப்போகிறேன். பார்த்துவிட்டு வரமாட்டேன் என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

மார்ச் 11, செவ்வாய்

தரை முடிந்தது. ஐஸ் குச்சிகளை ஒட்டி, தேயிலைத் தண்ணீர் பூசி, காய்ந்ததும் நகப்பூச்சில் ஒரு மினுக்கு. பூசிய தேயிலைத் தண்ணீரில் பாதியை மேஸ்திரி நக்கிவிட்டது. ஜன்னல் கம்பிக்கு விளக்குமாற்றுக் குச்சி. அலமாரிக்குத் தீப்பெட்டிகள், ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஒரு பாசிமணிக் குமிழ். மெத்தை விரிப்புக்கு டெய்லரம்மா மஞ்சள் பூப்போட்ட துணி கொடுத்தாள். பட்டாணிக்கு மஞ்சள் என்றால் உயிர்.

சாயங்காலம் மேஸ்திரி பசைத் தட்டில் உட்கார்ந்துவிட்டது. எழுந்தபோது வாலோடு பட்டாணியின் பெட்டிக்காக வெட்டி வைத்த குட்டிக் கம்பளமும் எழுந்து நடந்தது. துரத்திப் பிடித்து, வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துப் பிரிப்பதற்குள் இவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்போனார். கம்பளத்தில் கொஞ்சம் ரோமம் நின்றுவிட்டது. பார்க்க அசல் கம்பளி மாதிரியே இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

தலையணையைக் காணோம். விரல்நுனி அளவுத் தலையணை, பஞ்சடைத்து நாலு பக்கமும் தைத்தது. வீட்டையே கவிழ்த்துத் தேடினேன். கடைசியில் இவர் வெளியே கிளம்பும்போது, "ஷூவுக்குள்ள என்னமோ குத்துது" என்றார். தலையணை, காணாமல்போன துணி உருளை, என் தைலப்புட்டியின் மூடி. மேஸ்திரியின் கிடங்கு அது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று போனில் காட்டினேன். அங்கே மாப்பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டார், பட்டாணி அவர் மடியில். இங்கே இவர் பிடித்துக்கொண்டார். பாதி நேரம் தன் கட்டைவிரலைத்தான் காட்டினார்.

முதலில் பிள்ளை முகம் கொடுக்கவில்லை. அலமாரி இழுப்பறையை இழுத்துக் காட்டியதும் கிட்டே வந்தாள். "அது தொறக்குமா?" என்றாள். "எல்லாமே தொறக்கும்டா கண்ணு" என்றேன். மஞ்சள் விரிப்பைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குள் பட்டாசு.

அப்போதுதான் மேஸ்திரி வந்தது. நேராகப் பெட்டி அறைக்குள் நுழைந்தது. கட்டில் மேல் உட்கார்ந்து, அலமாரியைப் பின்காலால் ஓரங்கட்டிவிட்டு, மூஞ்சி மட்டும் வெளியே தெரிய அறை முழுக்கத் தானே நிறைந்துகொண்டது. பட்டாணி விழுந்து விழுந்து சிரித்தாள். படுக்கையிலிருந்து மகள் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

பட்டாணி சிரித்துக்கொண்டே கேட்டாள். "பாட்டி, அது எப்படி உள்ள வந்துச்சு?"

"முன்பக்கம்தான் சுவரே இல்லையே! அதான் வந்துடுச்சு."

"ஏன் சுவர் இல்ல?"

"அப்பதானேடா எல்லாரும் உள்ள பார்க்க முடியும்."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, "அப்ப யாரு வேணும்னாலும் வரலாமா?" என்றாள். நான் பூனையை வெளியே இழுப்பதற்குள் அப்பாவின் மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

மார்ச் 17, திங்கள்

ஒரு வேலையும் ஓடவில்லை. பெட்டி என்றால் ஒரு பக்கம் திறந்துதான் இருக்கும். இல்லாவிட்டால் இத்தனை பாடுபட்டுச் செய்ததை யார் பார்ப்பது?

மார்ச் 18, செவ்வாய்

மகளிடம் விடாப்பிடியாகக் கேட்டேன். பூனைக்குப் பயமா, என் சமையல் பிடிக்கவில்லையா, தாத்தாவின் குறட்டையா, என்னவென்று சொல்லு என்றேன். அவளாகச் சொல்லமாட்டாள், நான்தான் கிண்டிக் கிளறி வாங்கினேன்.

போனமுறை வந்தபோது பட்டாணி அந்த அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாளாம். டெய்லரம்மாவும் எதிர்வீட்டுப் பாட்டியும் பெட்டி பார்க்க வந்தார்கள். நான்தான் திரையை ஒதுக்கி, "வாங்க வாங்க, எல்லாம் உள்ளதான் அடுக்கி வச்சிருக்கேன்" என்று கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். எனக்கு ஞாபகம் இருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி, "அடேயப்பா, இத்துனூண்டு இருந்துக்கிட்டு வெக்கத்தைப் பாரு" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"அத்தை வீட்டுல கதவு இருக்கும்மா. அவ்வளவுதான் விஷயம்" என்றாள் மகள்.

"நம்ம வீட்டுல நானு, அப்பா, பட்டாணி, மூணே பேரு. கதவு எதுக்கு?"

மகள் திருப்பிக் கேட்டாள். "நான் வரும்போதெல்லாம் எங்க போய்ப் புடவை மாத்துவேன்மா?"

யோசித்தேன். குளியலறையில். ஈரத்தரையில், கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு முறையும். நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

மார்ச் 19, புதன்

காலையிலிருந்து எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியாததால் இவர் மேல் காட்டினேன்.

"அந்த ரூம் கதவு மழைக்கு ஊறிப்போய்ச் சாத்தவே முடியலன்னுதானே கழட்டினேன்? வேணும்னேவா கழட்டினேன்?"

"ஊறினது உண்மை. காஞ்சப்புறம் மாட்டலையே."

"மேசை இல்லாம தரையில உட்கார்ந்து வேலை செஞ்சா முட்டி என்ன ஆகும்?"

"நான் மாட்டச் சொல்லலியே" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டு காபியைக் குடித்தார். இந்த மனிதர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேசை என்று இத்தனை காலம் சொல்லிச் சொல்லி, அது சின்ன அறையின் கதவு என்பதே மறந்துவிட்டது. விளிம்பில் தாழ்ப்பாள்கூட அப்படியேதான் இருக்கிறது. அதில்தான் என் கத்தரிக்கோலைத் தொங்கவிடுகிறேன்.

மார்ச் 22, சனி

பெட்டிக்கு முன்சுவர் செய்தேன். இதுவரை செய்த எந்தப் பெட்டிக்கும் செய்ததில்லை. கெட்டி அட்டை, இரண்டு பக்கமும் வெள்ளை. நடுவில் ஒரு கதவு, கீலுக்குத் துணிப்பட்டை. தாழ்ப்பாள்தான் பாடாய்ப் படுத்தியது. ஊக்கை நிமிர்த்தி, புருவம் பிடுங்கும் இடுக்கியால் வளைத்து, இரண்டு பாசிமணிக்கு நடுவே ஓடவிட்டேன். உள்பக்கம்தான் தாழ்ப்பாள். வெளியிலிருந்து திறக்க வழியே கிடையாது. கூரையைத் தூக்கி, மேலேயிருந்து விரலை விட்டுத்தான் போடவேண்டும்.

முன்சுவரைப் பொருத்தியதும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. என் ஐஸ் குச்சித் தரை, பாசிமணிக் குமிழ், மஞ்சள் விரிப்பு, எதுவும் தெரியவில்லை. வெறும் வெள்ளைப் பெட்டி. மனசு கேட்கவில்லை.

மேஸ்திரி சுற்றிச் சுற்றி வந்து கதவை நகத்தால் சுரண்டிப் பார்த்தது. உள்ளே போக முடியவில்லை. என்னை ஒரு முறை முறைத்தது.

மாப்பிள்ளை வேலையாக இந்தப் பக்கம் வந்தவர், சாயங்காலம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். "இதைப் பார்த்தும் வரமாட்டேன்னா வற்புறுத்தவேணாம் மாப்பிள்ளை. அத்தை வீட்டுக்கே அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

பட்டாணி பெட்டியைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறாளாம். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, யாருக்கும் திறந்து காட்டமாட்டேன் என்கிறாளாம்.

சாயங்காலம் அவளே பேசினாள். "பாட்டி, நிஜ ரூம்லயும் இப்படி இருக்குமா?"

"இருக்கும்."

"உள்பக்கமா?"

"உள்பக்கம்தான்."

"மேஸ்திரி தட்டினா?"

"அது உன் இஷ்டம்டா."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பெரிய மனுஷி.

மார்ச் 27, வியாழன்

தச்சர் வந்தார். மேசை மேலிருந்ததையெல்லாம் இறக்கியதும் அசந்துபோய் நின்றார். "இது கதவாம்மா, பெயிண்டுக் கடையா?"

ஒரு பக்கம் முழுக்க என் வேலையின் கறை. குட்டி நாற்காலிக்கு வர்ணம் பூசிய இடத்தில் நாற்காலியின் உருவம் வெறுமையாக விழுந்து, சுற்றிலும் பச்சை. அதேமாதிரி கட்டில், ஏணி, ஒரு குட்டிக் குடை. கண்டபடி பூனைப் பாதங்கள்.

"இழைச்சுட்டா புதுசாயிடும்" என்றார்.

"விளிம்பை மட்டும் இழைங்க. இந்தப் பக்கத்தைத் தொடாதீங்க. இது ரூமுக்கு உள்பக்கம் வரட்டும்."

"உள்ள வந்தா யாருக்கும் தெரியாதேம்மா?"

"தெரியவேணாம்."

இவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தச்சருக்குத் திருப்புளி எடுத்துக் கொடுக்கப் போனார்.

மார்ச் 28, வெள்ளி

பட்டாணி வருகிறாள்!

மார்ச் 30, ஞாயிறு

வந்துவிட்டாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் அப்பா. என்னிடம் வருவதற்கு முன்னால் கதவிடம் போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள், எடுத்தாள். பிறகு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.

நானும் மாப்பிள்ளையும் கூடத்தில் நின்றோம். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு கூச்சல்: "பாட்டி! கதவுல ஒரு வீடே இருக்கு!"

உள்ளே போகக் கால் துடித்தது. போகவில்லை.

ஏப்ரல் 5, சனி

மகள் இப்போது பகலிலும் நன்றாகத் தூங்குகிறாளாம். மாப்பிள்ளை சொன்னார்.

இஸ்திரிப் பலகை மேல்தான் இப்போது என் வேலை. நீளம் உண்டு, அகலம் இல்லை. பசையை வைத்தால் கத்தரிக்கோல் விழுகிறது. டெய்லரம்மா தன் பழைய வெட்டும் மேசையைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். தந்தாலும் அது மேசையாகவே பிறந்த மேசைதானா என்று கேட்டுக்கொண்டுதான் வாங்கவேண்டும்.

எதிர்வீட்டுப் பாட்டி வந்து, "பேத்தி வந்திருக்காளாமே, எங்க?" என்று நேரே அந்த அறைப் பக்கம் நடந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன். "தட்டிட்டுக் கேளுங்கக்கா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் தட்டினாள்.

"யாரு?"

சொன்னாள்.

"இப்ப வேலையா இருக்கேன். அப்புறமா வாங்க."

எதிர்வீட்டுப் பாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காபி கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினேன்.

பிறகு மேஸ்திரி போனது. கதவடியில் கையை விட்டுத் துழாவியது. தாழ்ப்பாள் நகரும் சத்தம். ஒரு பூனை அளவுக்குக் கதவு திறந்தது, மூடியது.

மதியத்திலிருந்து இருவரும் உள்ளேதான் இருக்கிறார்கள். ஏதோ உருளுகிறது, ஏதோ விழுகிறது, யாரோ யாரையோ அதட்டுகிறார்கள். என் பாசிமணி டப்பாவைக் காணோம். என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருக்கிறது.