ஆடியில் கட்டிய இலைகள்

24 ஜூலை 2003, வியாழன்

காலையிலிருந்தே மேல்காற்று. நாகமலைப் பக்கமிருந்து ஒரே புழுதி. கொடியில் போட்ட புடவை இரண்டு தடவை பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது.

கடைசி வரிசையும் மாட்டியாயிற்று. பெண்கள் ஹாஸ்டலின் மேற்குச் சுவர் முழுக்க இலைகள், மூன்று மாடி உயரத்துக்கு. இரண்டு வருட வேலை. மெல்லிய அலுமினியத் தகடு, முகத்தில் சோலார் துண்டு, காம்பின் அடியில் காந்தமும் கம்பிச்சுருளும். வெயில் அடித்தாலும் மின்சாரம், ஆடினாலும் மின்சாரம். காலேஜ் வாசல் அரசமரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. அந்த மரத்தின் இலை காற்றை எதிர்ப்பதில்லை, திரும்பிக்கொண்டு வழி விடுகிறது. அதனால்தான் இலைகளைத் தாங்கி, சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி நிற்கும் இரும்புச் சட்டத்துக்குச் சாதாரண போல்ட்டே போதும் என்று கணக்குப் போட்டேன்.

மாலையில் ஹாஸ்டல் வராந்தாவில் பல்பு எரிந்தது. பெண்கள் கத்தினார்கள். வெல்டிங் காதர் பாய் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். "நெசமாவே மரம் மாதிரி சலசலங்குது மேடம்." ஒவ்வொரு இலையும் மகபூப்பாளையம் பட்டறையில் அவர் கையால் வெட்டியது. எனக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில்: காஸ் பதிய வேண்டும். திருத்த இன்னும் ஒரு கட்டுத் தாள்.

25, வெள்ளி

தாளாளர் கூப்பிட்டார். (இனி தா. முழுதாக எழுத எரிச்சல்.) பாராட்டப் போகிறார் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். மடச்சி.

"என்னம்மா, ஆடியில போயி பல்ப எரிய விட்டிருக்க?"

"டெஸ்ட் பண்ணிப் பாத்தோம் சார்."

"டெஸ்டோ கிஸ்டோ, எரிஞ்சா தொடங்குனதாத்தான் அர்த்தம். ஆவணி மொத முகூர்த்தத்துல தெறப்பு விழா. பெரிய ஆளுகள்லாம் வாராக. அதுவரைக்கும் ஒரு இலை ஆடக் கூடாது. கட்டிப் போடு."

ஒயரைக் கழற்றிவிடுகிறேன், பல்பு எரியாது என்றேன். இலை ஆடினால் ஆடினதுதான் என்றார். ஆடியில் ஆணிகூட அடிக்காத குடும்பமாம்.

சொல்ல வேண்டியது நுனிநாக்கில் இருந்தது. இலைகளைக் கட்டினால் காற்றுக்கு வழி கிடையாது, மொத்தச் சட்டமும் விரித்த படுதா மாதிரி காற்றை வாங்கும். சொன்னால், அப்போது உன் சுவரே லாயக்கில்லையா என்பார். விழா நின்றுபோகும். என் சுவரும் அத்தோடு போகும். "சரி சார்" என்று வந்துவிட்டேன்.

ஜும்மா முடிந்து காதர் பாய் நைலான் கயிற்றோடு வந்தார்.

"இம்புட்டு இலையையும் கட்டணுமா மேடம்? ஒண்ணும் ஆகாதுல்ல?"

"மூணு வாரந்தானே பாய். கட்டுங்க."

எவ்வளவு பாரம் விழும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் என்ன விடை வரும் என்று தெரியும்.

28, திங்கள்

காற்று குறையவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியவில்லை, கண்ணெல்லாம் மண். சுவர் சத்தமே இல்லாமல் நிற்கிறது, பார்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டாவது மாடிப் போல்ட் பக்கத்தில் பூச்சில் விரிசல். தலைமுடி அளவுதான்.

இன்று செய்ய வேண்டியவை:
காஸ்
லேப் சாவி இன்னொன்று
அக்கா மகளுக்கு வளையல்
விரிசலை மேஸ்திரியிடம் காட்ட

முதல் மூன்றும் ஆயிற்று.

30, புதன்

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மேலே ஒரு கயிறு அறுந்து, அந்த வரிசை படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததாம். தா. போன் போட்டு பாயை வரச் சொல்லியிருக்கிறார், திரும்பக் கட்ட. எனக்குத் தெரியாது. வகுப்பில் இருந்தேன்.

பதினொன்றரை மணி. லாரியிலிருந்து கல் கொட்டுகிற சத்தம். ஓடினேன். சட்டம் முழுக்கத் தரையில். ஏணி இரண்டாக. பாய் அதற்கு அடியில்.

"காலு தெரியல மேடம். காலு எங்க இருக்குன்னே தெரியல." ஆட்டோவில் போகும்போதும் இதையேதான். பெரியாஸ்பத்திரி. முதுகெலும்பு என்கிறார்கள்.

புடவையில் சுண்ணாம்புத் தூள். இன்னும் மாற்றவில்லை.

31, வியாழன்

காலை ஏழு மணிக்கே போய், விழுந்து கிடந்த சட்டத்தில் ஒவ்வொரு வெல்டாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூட விடவில்லை. சட்டம் வளைந்திருக்கிறது, இணைப்புகள் அப்படியே இருக்கின்றன. போல்ட்டுகள்தான் செங்கலோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கின்றன.

பத்து மணிக்கு தா. "வெல்டிங் சரியில்லைன்னு ரெண்டு வரி எழுதிக் குடும்மா. போலீஸ்ல கேப்பாக. ஒனக்கும் நல்லது, காலேஜுக்கும் நல்லது." மத்தியானம் பழைய இரும்பு லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போயிற்று.

எழுதிக் கொடுக்கவில்லை. எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் இவர் சௌராஷ்டிர பாஷையில் பொறுமையாகச் சொன்னார், நீ வேண்டுமென்றா செய்தாய், சாப்பிடு என்று. எங்கள் பாஷையில் கேட்டால் எதையும் மன்னித்துவிடலாம் போலிருக்கிறது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

2 ஆகஸ்ட், சனி

ஆஸ்பத்திரி. பாயின் மனைவி மும்தாஜ் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். என்னைப் பார்த்ததும் பாய் எழுந்திருக்கப் பார்த்தார். பழக்கம்.

"எந்த ஜாயிண்ட் மேடம் விட்டுச்சு?"

கொண்டுபோன பழப் பையை மும்தாஜிடம் நீட்டினேன்.

"மூணாவது வரிசையில வெல்டிங் ராடு தீந்துபோயி வேற ராடு போட்டேன். அதுதான் விட்டுருக்கும். ஏந்தப்புதான். ஹாஸ்டல் பிள்ளைக மேல விழுகாமப் போச்சே, அல்லா காப்பாத்துனான்."

"தெரியல பாய்" என்றேன்.

தெரியும். படி பாதி இறங்கினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

4, திங்கள்

எழுதிக் கொடுத்தாயிற்று. நான்கு வரி. வெல்டிங் எதுவும் விடவில்லை. இலைகளைக் கட்டச் சொன்னவர் தாளாளர். கட்டினால் ஆபத்து என்று தெரிந்தும் காதர் பாயிடம் கட்டச் சொன்னது நான். சுவரில் விரிசல் கண்டும் யாருக்கும் சொல்லாதது நான். கீழே கையெழுத்து. ஒரு நகல் போலீஸ் ஸ்டேஷனில்.

தா. படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். "நாளைக்கு வர வேணாம்."

டிபன் டப்பா, குடை, அகராதி, ஒரு ஜோடி செருப்பு. ஒரே கட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. பஸ்ஸில் மனசு லேசாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

5, செவ்வாய்

காற்று விட்டிருக்கிறது. நல்ல வெயில்.

காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்க வெல்டிங்ல ஒண்ணுகூட விடல பாய், இலையக் கட்டுனதுனாலதான் காத்து மொத்தமாப் பிடுங்கிருச்சு, போலீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டேன்.

"ஒண்ணுகூட விடலையா?" முகமே மாறிவிட்டது. "கேட்டியா மும்தாஜு? ஒண்ணுகூட விடலையாம்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கட்டுனா இப்பிடி ஆகும்னு அன்னைக்கே தெரியுமா மேடம்? நான் கேட்டேன்ல."

"தெரியும் பாய்."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மும்தாஜ்தான் விசிறியைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தார்.

"பிள்ளைக அத்தாவப் பாக்க வாற நேரம். நீங்க இருக்க வேணாம்."