ஒரே பக்கம் சுற்றிய இரண்டு விசிறிகள்

மாப்ள,

இன்று காலை பக்கத்துக் காட்டில் மருந்தடிக்க டிரோன் வந்திருந்தது. அதன் காற்றில் மக்காச்சோளப் பயிர் படுத்துப் படுத்து எழுந்தது. மருந்து நெடி மூக்கில் ஏறியதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாம் செய்த ஆளில்லா விமானமும் மருந்தடிக்கத்தான். இரண்டு மோட்டார், அவற்றின் முனையில் ஆளுக்கொரு விசிறி, ஆள் நீளத்துக்கு இரண்டு இறக்கைகள். என்னோடு ஒரே பெஞ்சில் படித்த நீ, என் தங்கையைக் கட்டிய பிறகும் எருமப்பட்டிக் கொட்டகையே கதியென்று கிடந்தாய். காற்று போகும் வழியைப் பார்க்க, ராசிபுரத்திலிருந்து பட்டு நூல் துண்டுகள் வாங்கிவந்து இறக்கை முழுக்க ஒட்டினாய். விசிறி சுற்றியதும் அதன் பின்னால் இருந்த நூல்கள் மட்டும் சாய்ந்து துடித்தன.

"காத்து முறுக்கிக்கிட்டுப் போயி இறக்கையில மோதுது மச்சா. ரெண்டு விசிறியும் எதிரெதிரா சுத்தோணும். ஒரே பக்கம் சுத்துனா ஒரு இறக்கையைத் தூக்கி இன்னொன்ன அமுக்கிப்போடும்" என்றாய்.

ஊருக்குப் பறக்கவிட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்த அன்று வலப்பக்க விசிறி உடைந்திருந்தது. கையில் இருந்த மாற்று விசிறி இடப்பக்கத்துக்கானது. சரியானது மறுநாள் வந்துவிடும், பொறுக்கலாம் என்றாய். விவசாயிகள் பார்க்க வந்து நின்றிருந்தார்கள். இன்றைக்கு இல்லை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னைக் கோழை என்றேன். நீ இரண்டும் ஒரே பக்கம் சுற்றும்படி அதையே மாட்டினாய். பாதி வேகத்துக்கு மேல் கொடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு இடப்பக்கம் போய் நின்றாய்.

விமானம் தரையில் ஓடியது, எழும்பவில்லை; எதிரே தென்னைகள் நெருங்கின. ரிமோட் என் கையில். முழு வேகம் கொடுத்தேன். எழும்பிய விமானத்தின் இடது இறக்கை சட்டென்று விழுந்தது. உன் பக்கம் திரும்பிப் பாய்ந்தது. நிறுத்த வேண்டிய விரல் அசையவில்லை. விசிறி உன் கழுத்தில் இறங்கியது. ஓடிவந்து வெறுங்கையால் அதைப் பிடித்து இழுத்தேன். என் இரண்டு விரல்கள் போயின. துண்டை வைத்து அழுத்தியும் உன் ரத்தம் நிற்கவில்லை. நாமக்கல் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நீ போய்விட்டாய்.

மோட்டார் கோளாறு என்று எல்லாரிடமும் சொன்னேன். நம்பினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தங்கையிடம் உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த சொம்பால் என் முகத்தில் அடித்தாள். கை ஓயும்வரை அடித்தாள். பிறகு, "இத அவங்கம்மாகிட்டயும் நீங்களே போய்ச் சொல்லுங்ணா" என்றாள்.

மோகனூர் போய்ச் சொன்னேன். உன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். மாதம் ஒருமுறை போய் அந்த வாசலில் நின்றுவிட்டு வருகிறேன். போன மாதம்தான் உள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"கடைசியா ஏதாச்சும் சொன்னானா சாமி?"

"இல்லீங்கம்மா" என்றேன்.

உன்னால் பேச முடியவில்லை. ஆனால் என் சட்டையை இறுகப் பிடித்திருந்தாய். ஆஸ்பத்திரியில்தான் உன் விரல்களைப் பிரித்தார்கள். அது என்னை அடிக்க வந்த கையா, விட்டுவிடாதே என்று பற்றிய கையா, எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிடி மட்டும் இன்னும் என் மார்பில் இருக்கிறது.