இசைவாணியின் தாய்மாமன் தரும் மனு

அனுப்புநர்:
சு. பசுபதி,
பந்தல் மற்றும் விழாப் பாத்திர வாடகை நிலையம்,
விளாங்குடி, மதுரை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: காப்பக விலங்குகளுக்குத் தீனிச் செலவு தருவதைத் ‘தத்தெடுப்பு’ என்று அழைப்பதை நிறுத்தக் கோருதல் – என் தங்கை மகள் மதுவந்திக்குத் தங்கள் கைப்பட ஒரு பதில் வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவில் நான் சொல்லப்போகும் வரலாற்றைத் தாங்கள் நம்ப மாட்டீர்கள் என்று இப்போதே உறுதிமொழி அளிக்கிறேன். என் மனைவி பிருந்தா நம்பவில்லை. இதைத் தட்டச்சு செய்தவர் இரண்டு இடங்களில் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஆயினும் பொறுமையுடன் வாசித்தருள வேண்டுகிறேன்.

1. வில்லாபுரத்தில் வசிக்கும் என் தங்கை அகிலாண்டமும் அவள் கணவர் கிரிதரும் ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்தார்கள். அவள்தான் மதுவந்தி. நீதிமன்ற உத்தரவு கைக்கு வந்த அன்று நான் போட்ட பந்தலின் ஒரு கால் வில்லாபுரத்திலும் மறு கால் அவனியாபுரத்திலும் நின்றது. தத்தெடுத்த செய்தியை நாங்கள் அவளிடம் ஒருநாளும் ஒளித்ததில்லை. மற்றப் பிள்ளைகள் ‘எங்க மாமா துபாயில இருக்காரு’ என்று சொல்லும் அதே பெருமையோடு, ‘என்னயத் தத்தெடுத்தாங்க’ என்று சொல்லித் திரிந்தவள் அவள்.

2. சென்ற ஆண்டு அவள் பிறந்தநாளுக்கு, கொட்டாம்பட்டி அருகே கைவிடப்பட்ட விலங்குகளைப் பேணும் ஒரு காப்பகத்திலிருந்து கிரிதர் ஒரு கழுதையைத் ‘தத்து’ எடுத்தார். (காப்பகத்தார் நல்ல மனிதர்கள் என்பதால் பெயரை இங்கே எழுதாமல் தனித்தாளில் இணைத்துள்ளேன்.) கழுதையின் பெயர் இசைவாணி. குரலைக் கேட்டு வைத்த பெயர். அது ஒருமுறை வாய் திறந்தால் அழகர்மலைக் குரங்குகள் குடும்பத்தோடு நத்தம் பக்கம் குடிபெயர்ந்துவிடும். பூப்போட்ட ஓரத்துடன் சான்றிதழ் வந்தது. மதுவந்தி அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு ஒரு தீர்ப்பு வழங்கினாள்: “என்னயத் தத்தெடுத்தீங்க. இவளயும் தத்தெடுத்துட்டீங்க. அப்ப இவ எனக்குத் தங்கச்சி.” வீட்டில் யாராலும் மேல்முறையீடு செய்ய முடியவில்லை.

3. ஐயா, அந்தக் கணமே நான் அக்கழுதைக்குத் தாய்மாமன் ஆனேன். மதுரைச் சீமையில் தாய்மாமன் என்றால் என்ன பொறுப்பு என்பது தாங்கள் அறியாததல்ல. சீர் செய்யத் தவறியவன் அடுத்த கல்யாணத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவான்? இரண்டு மாதம் கழித்து, “உங்கள் தத்துப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாரீர்” என்று காப்பகத்திலிருந்து அழைப்பு வேறு வந்துவிட்டது. மாலை, பட்டுத்துண்டு, கேரட், வெல்லம், அகத்திக்கீரை, வாழைத்தார் என்று தட்டுத் தட்டாக வரிசை எடுத்து, மதுவந்தியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். முதல் தட்டு கொட்டாம்பட்டியில் இறங்கியபோது கடைசித் தட்டு மேலூரைத் தாண்டவில்லை.

4. காப்பக வாசலில் எனக்கு முன்பே ஒருவர் சீர்த்தட்டும் மாலையுமாக நின்றிருந்தார். இன்பசேகரன் என்று பெயர். மிஷன் பள்ளி ஆசிரியர். தங்கமான மனிதர். “அண்ணே, நீங்க யாருக்கு?” என்று கேட்டேன். “இசைவாணிக்கு. எந்தங்கச்சி பிலோமினாள் வீட்டுல தத்தெடுத்துருக்காங்க. நாந்தான் தாய்மாமன்” என்றார். “அதெப்புடிண்ணே, தாய்மாமன் நானு” என்றேன். முதல் மாலை யாருடையது என்று பேச்சு வளர்ந்துகொண்டிருக்கும்போதே மூன்றாவதாக ஒரு மாமன் வேனில் வந்து இறங்கினார். அதற்குப் பின் வந்தவர்களை நான் எண்ணவில்லை. நான்குவழிச்சாலையில் சுங்கச்சாவடி வரை மாமன்களாகவே நின்றார்கள் என்று கேள்வி. காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் விருமாண்டி கடைசியில் கதவைத் திறந்து, “மாமன்மாரெல்லாம் வரிசையில வாங்கண்ணே. அது ஒருத்தரயும் கோவிச்சுக்காது” என்றார். சொன்னது போலவே இசைவாணி என் மாலையையும் இன்பசேகரன் மாலையையும் பாகுபாடின்றித் தின்று தீர்த்துவிட்டது. மதுவந்திக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. “மாமா, அம்புட்டுப் பேரும் நமக்குச் சொந்தமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இதுவரை எனக்கு எவர்மீதும் குறையில்லை.

5. குறை சென்ற மாதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிரிதரின் கைபேசிக்குக் காப்பகத்திலிருந்து ஒரு செய்தி. மனிதர் யோசிக்காமல் சத்தமாக வாசித்துவிட்டார்: “இசைவாணியின் தத்துக்காலம் இம்மாதத்துடன் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அவள் வேறோர் அன்பான குடும்பத்துக்கு வழங்கப்படுவாள்.” கிரிதர் சாப்பிட்ட கையைக் கழுவியதும் புதுப்பித்துவிட்டார். விஷயம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

6. மறுநாள் அவளைப் பள்ளியில் விட ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. “மாமா, எனக்கு எப்ப முடியுது?”

“எதுத்தா?”

“தத்து. அப்பா மறந்துட்டாருன்னா என்னய எந்த வீட்டுக்குக் குடுப்பாங்க?”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். உனக்கு முடியவே முடியாது, சூரியன் அணைந்தாலும் முடியாது, வைகையில் பன்னீர் ஓடினாலும் முடியாது என்று சொன்னேன். அவள் என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு, “நீங்க எப்பவும் கததான் விடுவீங்க மாமா. நெசத்தச் சொல்லுங்க” என்றாள். ஐயா, அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக அகிலாண்டத்திடம் போய்ச் சொன்னேன்.

7. அவள் அப்பாவும் அம்மாவும் எடுத்துச் சொல்லியாயிற்று. கட்டிப்பிடித்துச் சொல்லியாயிற்று. தலையாட்டுகிறாள். ஆனால் தட்டைத் தானே கழுவி வைக்கிறாள். இரண்டாவது தோசை கேட்பதில்லை. என்னோடு சண்டை போடுவதில்லை. நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறாள். எங்கள் வீட்டுக்கு அது பழக்கமே கிடையாது. கிரிதரின் கைபேசியில் செய்தி வந்த சத்தம் கேட்டால், சோற்றுக் கையோடு ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறாள்.

8. எனவே தங்களிடம் கேட்பது இரண்டு.

முதலாவது, காப்பகத்தின்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். அவர்கள் மூடிவிட்டால் இசைவாணி எங்கே போகும்? அந்தச் சொல்லை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். தத்து என்றால் அந்த வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான். அதற்குக் கெடு இல்லை, புதுப்பித்தல் இல்லை, ஒரே பிள்ளையை ஊரெல்லாம் சேர்ந்து எடுப்பதும் இல்லை. மாற்றுச் சொல்லும் நானே தருகிறேன்: ‘மாமன் திட்டம்’ என்று வைக்கட்டும். மாமன் எத்தனை பேர் இருந்தாலும் தகும். விசேஷத்துக்கு வருவான், சீர் வைப்பான், வீட்டுக்குப் போய்விடுவான். ஒரு வருடம் வரவில்லை என்றால் வருத்தம்தான். எந்தப் பிள்ளையும் வீடு மாறிப் போகாது. இன்பசேகரனிடம் பேசிவிட்டேன். அவருக்கும் முழுச் சம்மதம்.

இரண்டாவது, இதுதான் அவசரம். பிள்ளைகளைத் தத்துக் கொடுக்கும் உத்தரவில் இப்போது கையெழுத்திடுபவர் தாங்களே என்று அறிந்தேன். மதுவந்தியின் பெயருக்குக் கோபுர முத்திரையுடன் ஒரு கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். நீளமாக வேண்டாம். ‘உனக்குக் கெடு கிடையாது’ என்று இருந்தால் போதும். நான் சொன்னால் கதை என்பாள். கோபுரம் போட்ட தாளை நம்புவாள்.

9. இம்மனுவில் பந்தலின் அகலம், சீர்வரிசையின் நீளம், குரங்குகளின் குடிபெயர்வு, சுங்கச்சாவடி வரை நின்ற மாமன்கள் ஆகியவற்றைத் தாங்கள் விரும்பிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த அந்தச் சின்னக் கேள்வி மட்டும் நடந்தது நடந்தபடி. அதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

இடம்: மதுரை
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
இசைவாணியின் பல மாமன்களில் ஒருவனும்,
மதுவந்தியின் ஒரே தாய்மாமனுமாகிய
சு. பசுபதி

இணைப்பு: காப்பகத்தின் பெயர், முகவரி, பாதி தின்ற மாலையின் புகைப்படம்.