தெருப்பக்கச் சுவர்

1893, ஐப்பசி 12.
விடியலில் இருந்து தூறல். இந்த வாரத்துக்கு:

1. நம் வீட்டின் சின்னக் காகித உருவை முடிப்பது. போன வாரம் விழுந்த தெருப்பக்கச் சுவரும் நிற்பதாகவே.
2. முற்றத்தில் வைத்துப் படம். காமிராவுக்குக் கண்ணாடித் தகடு ஒன்றுதான் மீதி. மதுரையிலிருந்து அடுத்தது எப்போதோ.
3. மலைமேல் அணை வேலையில் கணக்கு எழுதும் மகன் ஞானத்துக்குப் படத்தைச் சுண்ணாம்பு வண்டியில் அனுப்புவது.
4. வீடு முழுசாய் இருப்பதைக் கண்டால் மகன் வருவான். இடிந்ததென்றால் வெட்கப்பட்டு ஒதுங்குவான்.

கோவில், ஆற்றங்கரை, சந்தை எல்லாம் காகிதத்தில் செய்தே படம் எடுத்திருக்கிறேன். தெருவில் காமிராவை வைத்தால் கூட்டம். கேலி.

13.
உருவுக்குக் காகித ஓடுகள் ஒட்டியாயிற்று. புளியங்கொட்டைப் பசை. அதன் வாசலில் மணல் போட்டேன், கூழாங்கல்லாய்த் தெரிகிறது. சலித்த சாம்பல் தேவலை. ஜன்னல் சற்றுக் கோணல். என் கண்ணா, கையா?

மனைவி சவரியாயி குனிந்து பார்த்தாள்.
"சுவரு நிக்குதே."
"அவன் கண்ணுக்கு நிக்கட்டும்."
சுவர் இருந்த இடத்தில் தொங்கும் சாக்குப்படுதாவைத் தாண்டிச் சாரல் அவள் பாயில்.

14.
வெயில் எட்டிப் பார்த்தது. உருவை முற்றத்தில் வைத்தேன். தகட்டைச் செருகப்போனேன்.

"ஏங்க, இதப் பாத்தா அவன் என்ன நெனப்பான்? ஆத்தாளும் அப்பனும் சொகமா இருக்காகன்னு அங்கனயே இருந்துருவான். இடிஞ்சதக் காட்டுங்க."
"தெருவுல எல்லாரும் பாப்பாகளே."
"சுவரு விழுந்தப்பவே பாத்துட்டாக."

காமிராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். எதிர்வீட்டு அந்தோணி: "வாத்தியாரய்யா பெட்டியோட தெருவுக்கு வந்துட்டாக. இனி மழை விடாது." சிரிப்பு. சவரியாயி மண்குவியல் மேல் உட்கார்ந்தாள். தலைகூட வாரவில்லை. அசையாதே என்றேன்.
"நான் எங்க போகப்போறேன்."

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். உள்ளே அந்தோணி இல்லை, தெரு இல்லை. கண்ணாடியில் அவள் மட்டும், தலைகீழாய். தகட்டைச் செருகி மூடியைத் திறந்தேன்.

15.
நண்பகல் வெயிலில் தாளில் படம் ஏறியது. ஓரம் மங்கல். சாயந்தரம் வண்டிக்காரரிடம் கொடுத்தேன். ஓலைப்பாயில் சுற்றி வைத்துக்கொண்டார். "எதும் சொல்லணுமாய்யா?" இல்லை என்றேன். வண்டி மலைக்குப் போகும் கம்பம் பாதையில் மறைந்த பிறகும் நின்றேன். அந்தோணி ஒரு கூடை செம்மண் கொண்டுவந்து வாசலில் கொட்டினான், கேட்காமலே.

காகித வீடு பரண்மேல்.

நாலாவதாய் எழுதியது தப்பு. முழுசாய் நிற்கும் வீட்டுக்கு அவன் எதற்கு வரவேண்டும்.